மல்லாட்டைப் புண்ணாக்கின் கதை

ஆரணி என்றால் எல்லோருக்கும் பட்டுப்புடவைதான் ஞாபகத்துக்கு வரும். ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவில் இருக்கும் பெரணமல்லூர் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கேட்கும். ஆனால் ஊரைத் தாண்டி வயல்வெளிக்கு வந்துவிட்டால் மானாவாரி நிலத்தில் கண்ணில் படுவது வேறு ஒன்று. மற்ற மாவட்டத்துக்காரர்கள் அதை நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்வார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு அது கச்சான். வட ஆற்காட்டிலும் தென் ஆற்காட்டிலும் அதற்குப் பெயர் மல்லாட்டை!

இந்தப் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரின் பெயரால் 'மணிலாக்கொட்டை' என்றார்கள். அது மக்கள் வாயில் மல்லாக்கொட்டையாகி, கடைசியில் மல்லாட்டையாகச் சுருங்கிவிட்டது. செடியின் பூர்வீகம் மணிலாவும் இல்லை, தென் அமெரிக்கா. ஐரோப்பியர்களின் கப்பல்களில் ஏறி ஆசியாவுக்கு வந்த பயிர் அது. சங்க காலத்து உழவனுக்கு மிளகாய் எப்படித் தெரியாதோ, அப்படியே மல்லாட்டையும் தெரியாது.

மல்லாட்டையின் பருப்பைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. திட்டுவதற்கு மட்டும்தான் அந்தச் சொல் பயன்படுகிறது! ஆனால் உலகத்தின் உணவுப் பாதுகாப்புச் சட்டங்களையே மாற்றியது இந்தப் புண்ணாக்குதான். அந்தக் கதை சென்னை மாகாணத்தில் தொடங்கி, மார்செய், லண்டன், மைசூர், ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு, காலையில் காபிக்கு ஊற்றும் பாலில் வந்து முடிகிறது.

மார்செய்க்குப் போன மூட்டைகள்

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மார்செய் நகரத்தில் சோப்புத் தொழிற்சாலைகளும் எண்ணெய் ஆலைகளும் பெருகின. அவற்றுக்கு மலிவான எண்ணெய் வித்து தேவைப்பட்டது. 1840களிலிருந்து ஆப்பிரிக்காவின் செனகல் பகுதியிலிருந்து நிலக்கடலை போகத் தொடங்கியது. இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த துறைமுகம் பாண்டிச்சேரி. அதைச் சுற்றியிருந்ததோ செம்மண் பூமியான தென் ஆற்காடு. அங்கே மல்லாட்டை ஒரு பணப்பயிராக வேகமாகப் பரவியது. பக்கத்து மாவட்டமான வட ஆற்காடும் பின்னாலேயே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகசூல் விழுந்து, மொரீஷியஸ் போன்ற இடங்களிலிருந்து புதிய விதை கொண்டுவந்த பிறகுதான் பயிர் மறுபடியும் நிமிர்ந்தது. பிற்பாடு திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 'டி.எம்.வி.' என்ற பெயரில் ரகங்கள் வந்தன. டி.எம்.வி. என்ற மூன்று எழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கும்.

அந்தக் காலத்திலேயே ஒரு பிரச்சினை இருந்தது. தோல் உடைக்க மிஷின் பரவாத நாட்களில் காயைக் கையால்தான் உடைக்க வேண்டும். சுலபமாக உடைய வேண்டும் என்பதற்காகக் காயின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரம் பட்ட பருப்பு கப்பலில் போகும்போதே கெட்டுவிடும். அதனால் சோழமண்டலக் கரையிலிருந்து போன பருப்புக்கு மார்செயில் நல்ல பெயர் இல்லை. அதன் எண்ணெய் சமையலுக்கு ஆகாமல் சோப்புக்குப் போனது. அன்று அதைத் தரக்குறைவு என்று மட்டும்தான் பார்த்தார்கள். அந்த ஈரத்தில் வேறு என்ன நடக்கிறது என்று தெரிய இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இன்னொரு குரலும் அப்போது கேட்டது. இந்திய விவசாயத்தை ஆராய 1889இல் இங்கிலாந்திலிருந்து வந்த வோல்க்கர் என்ற வேளாண் வேதியியல் அறிஞர் 1893இல் வெளியான தன் அறிக்கையில் ஒரு கணக்கைச் சொன்னார். எண்ணெயை மட்டும் ஏற்றுமதி செய்தால் மண்ணுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, வித்தை முழுசாக ஏற்றுமதி செய்தால் அதோடு சேர்ந்து மண்ணின் வளமும் கப்பலேறிவிடுகிறது என்பதுதான் அவர் கருத்து. காரணம் எளிது. எண்ணெயில் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். இவை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருபவை. நைட்ரஜனும் பாஸ்பரசும் தங்குவது புண்ணாக்கில். புண்ணாக்கு மாட்டுக்குப் போய் சாணமாகவோ, நேராக எருவாகவோ நிலத்துக்குத் திரும்பினால்தான் கணக்கு நேராகும்.

எது தீவனம், எது எரு?

மல்லாட்டைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கில் 40 முதல் 45 சதவீதம் வரை புரதம் இருக்கும். கரைப்பான் முறையில் எண்ணெயைச் சுத்தமாக எடுத்துவிட்டால் புரதம் இன்னும் கொஞ்சம் கூடும். தேங்காய்ப் புண்ணாக்கில் இதில் பாதிதான். லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறைவு என்பது ஒரு குறை. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நிறைய இருப்பதால் இரண்டையும் கலந்து வைப்பது நல்லது.

எல்லாப் புண்ணாக்கையும் மாட்டுக்கு வைக்க முடியாது என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது, அது வயலுக்குத்தான் போகும். வேப்பம் புண்ணாக்கும் அப்படியே, கசப்பு. இலுப்பைப் புண்ணாக்கில் சபோனின், அதைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற பொருள் உண்டு. அசைபோடும் மாட்டின் வயிறு அதை ஓரளவு சமாளித்துவிடும், கோழிக்கு ஆகாது. அதிகம் தின்ற கோழியின் முட்டையில் மஞ்சள் கரு நிறம் மாறிவிடும்.

இந்த அறிவு எப்படி வந்தது? எந்த ஆய்வுக்கூடமும் சொல்லித் தரவில்லை. ஆமணக்கில் ரிசின் எல்லா வருஷமும் இருக்கும், எல்லா மூட்டையிலும் இருக்கும். தின்ற மாடு சீக்கிரமே விழுந்துவிடும். ஒரு தலைமுறை பார்த்ததை அடுத்த தலைமுறை நினைவில் வைத்துக்கொண்டது. செடி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் விஷங்கள் பலவும் இந்த வகை. அனுபவம் அவற்றைக் கண்டுபிடித்துவிடும்.

இந்தப் பட்டியலில் மல்லாட்டைப் புண்ணாக்குக்கு நல்ல பெயர். கொடியும் மாட்டுக்குத் தீவனம், புண்ணாக்கும் தீவனம். கறவை மாட்டுக்குத் தொட்டியில் ஊறவைத்து, தவிடு போட்டுக் கலக்கி வைப்பது வழக்கம். அதைச் சந்தேகப்பட யாருக்கும் ஒரு காரணமும் இல்லை... 1960 வரை.

ஒரு லட்சம் வான்கோழிகள்

1960இல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று சாகத் தொடங்கின. நேற்று நன்றாக இருந்த குஞ்சு இன்று தீனி எடுக்காது, இறக்கை தொங்கிப்போகும், ஒரு வாரத்துக்குள் செத்துவிடும். சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் போய்விட்டன. வாத்துக் குஞ்சுகளும் இறந்தன. கிருமி எதுவும் கிடைக்கவில்லை. என்ன நோய் என்றே தெரியாததால் 'டர்க்கி எக்ஸ்', அதாவது வான்கோழி எக்ஸ் நோய் என்று பெயர் வைத்தார்கள்.

துப்புக் கிடைத்தது வரைபடத்தில். ஆரம்பத்தில் பாதிக்கப்பட்ட பண்ணைகள் பெரும்பாலும் லண்டனைச் சுற்றியே இருந்தன. அவற்றுக்குத் தீவனம் வந்தது லண்டனில் இருந்த ஒரே ஆலையிலிருந்து. அந்தத் தீவனத்தில் பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கு கலந்திருந்தது. அதைத் தனியாகப் பிரித்து வாத்துக் குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சு செத்தது, கல்லீரல் நாசமாகியிருந்தது.

1961இல் குற்றவாளி பிடிபட்டது. அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பச்சை கலந்த மஞ்சள் நிறப் பூஞ்சணம். அது உண்டாக்கும் நச்சுக்கு அதன் பெயரிலிருந்தே 'அஃப்ளாடாக்சின்' என்று பெயரிட்டார்கள். புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் சில வகை நீலமாக ஒளிர்ந்தன, சில வகை பச்சையாக. நீலத்துக்கு பி, பச்சைக்கு ஜி. இவற்றில் மிகக் கொடியது பி1. அதே 1961இல் இந்தப் புண்ணாக்கைத் தின்ற எலிகளுக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்ததும் தெரிந்தது. அமெரிக்காவில் அப்போது வளர்ப்பு மீன்களான ட்ரவுட்களுக்குக் கல்லீரல் புற்று பரவியிருந்தது. அதற்கும் காரணம் இதே நச்சுதான், அங்கே அது வந்த வழி பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு.

பிரேசில் மட்டும்தான் தவறு செய்தது என்று முதலில் நினைத்தார்கள். பிறகு மற்ற நாட்டு மாதிரிகளையும் சோதித்தபோது ஆப்பிரிக்க நாடுகள், இந்தியா என்று பல இடங்களிலிருந்து வந்த கடலையிலும் நச்சு இருந்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1987இல் அஃப்ளாடாக்சினை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

ஆக, ரிசினைப் போலவோ காசிபாலைப் போலவோ இது செடியின் விஷம் இல்லை. ஒரு வருஷம் இருக்கும், ஒரு வருஷம் இருக்காது. ஒரு மூட்டையில் இருக்கும், பக்கத்து மூட்டையில் இருக்காது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. மாடு உடனே விழாது, பால் குறையும், ஈரல் மெல்லக் கெடும். இப்படிப்பட்ட விஷத்தை எத்தனை தலைமுறை அனுபவமும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்தியாவில் நடந்தவை

1965இல் ஆந்திரப் பிரதேசத்தில் முர்ரா எருமைகள் கடலைப் புண்ணாக்கால் பாதிக்கப்பட்டதாகக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். 1966இல் அன்றைய மைசூர் மாநிலத்தில் கோழிக்குஞ்சுகள் செத்தன. 1982இல் வேலூரைத் தாண்டினால் வரும் சித்தூர் மாவட்டத்திலும் கோழிப்பண்ணைகள் அடிவாங்கின.

மனிதர்களையும் அது விடவில்லை. 1974இன் கடைசி மாதங்களில் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் கிராமம் கிராமமாக மஞ்சள் காமாலை வந்தது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. ஆய்வு செய்த மருத்துவர்கள் பதிவு செய்த 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வில் பருவம் தவறிய மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம்தான் காரணம் என்று தெரிந்தது. ஏழை ஆதிவாசிக் குடும்பங்களுக்கு அதைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. அந்த வீடுகளின் நாய்களுக்கும் அதே நோய் வந்தது.

இதில் இன்னொரு சோகமும் உண்டு. 1950களில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பசியைப் போக்க ஒரு சத்துமாவைத் தயாரித்தது. 75 சதவீதம் கடலை மாவு, 25 சதவீதம் கொண்டைக்கடலை மாவு. மலிவான புரதத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை வளரும்போதே இங்கிலாந்திலிருந்து இந்தச் செய்தி வந்தது. ஐ.நா. அமைப்புகளின் புரத ஆலோசனைக் குழு 1966இல் கடலை மாவுக்கு ஒரு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. அதைவிடக் குறைவாக வைத்தால் பட்டினி கிடக்கும் குழந்தைகளுக்குப் புரதமே கிடைக்காமல் போய்விடும் என்ற கவலையும் அந்த எண்ணுக்குள் இருந்தது. இந்தியச் சட்டத்திலும் 30 என்ற எண்ணே பல காலம் இருந்தது.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தீவனத்தில் அஃப்ளாடாக்சினுக்கு 1973 டிசம்பரில் வரம்பு வைத்தது. பின்னர் அதைப் படிப்படியாக இறுக்கியது. அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கடலைப் புண்ணாக்குக்கு ஐரோப்பியச் சந்தை சுருங்கியது. ஐரோப்பிய மாடு தின்னக்கூடாது என்று ஒதுக்கிய சரக்குக்கு மிச்சம் இருந்தது உள்ளூர் மாட்டின் தொட்டிதான்.

சொத்தை எங்கே போகிறது?

இந்த இடத்தில்தான் வணிகக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரு மூட்டைப் பருப்பில் எல்லாப் பருப்பிலும் நச்சு இருக்காது. சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, பூச்சி அரித்தது போன்ற கொஞ்சம் பருப்பில்தான் பெரும்பங்கு நச்சு சேர்ந்திருக்கும். எனவே வறுகடலைக்கும் மிட்டாய்க்கும் ஏற்றுமதிக்கும் போகும் பருப்பைக் கையாலோ மிஷினாலோ பொறுக்கிச் சுத்தம் செய்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் பொறுக்கி எடுத்த சொத்தை எங்கே போகிறது? குப்பைக்குப் போகாது, அதற்கும் ஒரு விலை உண்டு. அது எண்ணெய் ஆலைக்குப் போகிறது.

ஆலையில் எண்ணெய் பிரிகிறது. அஃப்ளாடாக்சின் எண்ணெயில் அதிகம் கரையாது, கொஞ்சம் போனாலும் சுத்திகரிப்பில் நீங்கிவிடும். மிச்சமெல்லாம் புண்ணாக்கிலேயே தங்கும். புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாட்டின் கல்லீரல் பி1 நச்சில் ஒரு பங்கை எம்1 என்று மாற்றிப் பாலில் அனுப்புகிறது. எம் என்பது 'மில்க்' என்பதன் முதல் எழுத்து. நச்சுள்ள புண்ணாக்கு தின்ற பசுவின் பாலிலும் வாத்துக் குஞ்சின் ஈரலைக் கெடுக்கும் பொருள் இருப்பதை இங்கிலாந்தின் வெய்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1960களின் தொடக்கத்திலேயே கண்டுவிட்டார்கள். பாலைக் காய்ச்சினாலும் பாஸ்சரைஸ் செய்தாலும் எம்1 அழியாது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாடு உண்ணும் நச்சில் சுமார் 1 முதல் 3 சதவீதம் பாலுக்கு வருகிறது. கறவை அதிகமுள்ள மாட்டில் இன்னும் கூடும். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் நச்சு உள்ள புண்ணாக்கை ஒரு மாடு தினம் 3 கிலோ தின்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 300 மைக்ரோகிராம். அதில் 2 சதவீதம் 6 மைக்ரோகிராம். மாடு 8 லிட்டர் கறந்தால் ஒரு லிட்டருக்கு 0.75 மைக்ரோகிராம். இந்தியாவில் பாலுக்கு உள்ள வரம்பு கிலோவுக்கு 0.5. ஐரோப்பாவில் அது 0.05தான்!

இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்பதையும் பார்க்க வேண்டும். கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2009இல் வைத்த வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். ஒரு லாரியில் 10 டன் தீவனம் ஏற்றினால் அதில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட நச்சு மொத்தம் 0.2 கிராம். ஒரு மல்லாட்டைப் பருப்பின் எடைகூட வராது.

2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. முடிவு 2019 அக்டோபரில் வந்தது. தண்ணீர், யூரியா என்று கலப்படத்தைத் தேடியவர்களுக்கு அது மிகக் குறைவாகத்தான் கிடைத்தது. எதிர்பாராமல் வந்து நின்றது எம்1. 368 மாதிரிகளில் வரம்பைத் தாண்டியிருந்தது. மாநில வரிசையில் முதலில் இருந்தது தமிழ்நாடு, 551 மாதிரிகளில் 88. அடுத்து டெல்லி, கேரளா. தமிழ்நாட்டுப் பால் எல்லாம் விஷம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது, ஆறில் ஐந்து மாதிரிகள் வரம்புக்குள்தான் இருந்தன. ஆனால் பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்த ஊரில் மாட்டின் தொட்டியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பது அன்று வெளியே வந்தது.

களத்தில் தொடங்கும் தீர்வு

பூஞ்சணத்துக்குத் தேவை ஈரமும் வெப்பமும். ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி மல்லாட்டைக்கு இரண்டு ஆபத்துகள். காய் முற்றும் நேரத்தில் மழை பொய்த்தால் வறண்ட மண்ணிலேயே காய்க்குள் பூஞ்சணம் நுழைந்துவிடும். பிடுங்கும்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் களத்தில் காய் காயாது. பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சணம் வளராது. எனவே பிடுங்கிய செடியைக் குவித்துப் போடாமல் காய் மேலே பார்க்கத் திருப்பிப் போட்டு உலர்த்துவது, மண்வெட்டியால் காயைக் காயப்படுத்தாமல் இருப்பது, தோல் உடைக்கத் தண்ணீர் தெளிக்காமல் இருப்பது, புண்ணாக்கு மூட்டையை ஈரத் தரையில் அடுக்காமல் இருப்பது எல்லாம் பலன் தரும். நச்சுள்ள புண்ணாக்கை நிறுத்திவிட்டால் சில நாட்களிலேயே பாலில் எம்1 மறைந்துவிடும் என்பது நல்ல செய்தி.

அறிவியலும் சும்மா இருக்கவில்லை. பிரான்சு போன்ற நாடுகளில் அம்மோனியா வாயுவால் புண்ணாக்கின் நச்சை முறித்தார்கள். பென்டோனைட் போன்ற களிமண் வகையைத் தீவனத்தில் கலந்தால் அது குடலிலேயே நச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் மலிவான பரிசோதனை முறையை உருவாக்கியது. கோழிப்பண்ணைகளின் தலைநகரான நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கோழி செத்தால் பண்ணைக்காரரின் நஷ்டம் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும், அதனால் அவர் சோதனைக்குப் பணம் கொடுக்கிறார். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அந்த நஷ்டம் தெரிவதில்லை. அவருடைய பாலைக் குடிப்பவருக்கும் தெரிவதில்லை.

சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. அதன் வழியில் வந்த ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை ஊர்க்காரர்கள் 'கமிட்டி' என்பார்கள். விவசாயியை எடைக்கல்லில் ஏமாற்றக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. அதனால் எடைக்கு விலை கிடைத்தது, பருப்பின் பருமனுக்கும் விலை கிடைத்தது. மழைக்கு முன்னால் ஓடி ஓடிக் காயவைத்து, பூஞ்சணம் படாமல் கொண்டுவந்தவருக்கு அதற்கென்று தனி விலை இல்லை. காய்ந்த மூட்டை எடையும் குறைவு, அதனால் அவருக்கு நஷ்டம்தான்! தண்ணீர் தெளித்த மூட்டைக்கு எடை கூடும்.

மார்செய் வியாபாரி அன்று குறை சொன்னதும் இதே ஈரத்தைப் பற்றித்தான். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஈரத்தின் விலையைக் கொடுப்பவர் மட்டும் மாறியிருக்கிறார். அன்று வெளிநாட்டு வியாபாரியின் பை. இன்று அது ஒரு குழந்தையின் பால் டம்ளர்.